பத்தொன்பதாம் எண்ணின் பெயர்

கிளப் தலைவர் கென்ச்சோ மார்கோவ் அறிவிப்பு அறைக்கு ஏறி வருவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தாலே அதிகம். இரும்புப் படிகள் செங்குத்து, அவருக்கு முட்டி வலி. அந்தப் புதன்கிழமை, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி வந்து, யோர்தான்காவின் மேஜை மேல் ஒரு தாளை வைத்தார். அன்றைக்கு ஆடப்போகிறவர்களின் பட்டியல்.

யோர்தான்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள். பெயர்களை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். கடைசிக்கு முந்தின வரியில் நின்றாள். பத்தொன்பது என்று எண் இருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

"இதுல ஒரு பேரு விட்டுப்போச்சு, தலைவரே."

"விட்டுப்போகல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் பெஞ்சுலதான் உக்காரப் போறான். எறக்க வேணாம்னு கோச் மெத்தோதிகிட்ட சொல்லியாச்சு. அப்படியும் எறக்கினா, நம்பரச் சொல்லு. போதும்."

"வெறும் நம்பரா?"

"ஏன், பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கெல்லாம் பேரா சொல்ற? நம்பர்தானே?"

"பஸ்ஸுக்கு அம்மா கிடையாதே. இவனோட அம்மா கீழ கேலரியில உக்காந்திருக்கா."

ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்த வாஸ்கோ இருமினான். அது சிரிப்பை மறைக்கும் இருமல். தலைவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னார்.

"இந்த ஊரே என் பஸ்லதான் போயிட்டு வருது, யோர்தான்கா. நீ சம்பளம் வாங்குற பஸ் ஸ்டாண்டும் அதனாலதான் ஓடுது. ஞாபகம் இருக்கட்டும்."

அவர் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டு அடங்கியது.

"என்ன பண்ணப்போற?" என்றான் வாஸ்கோ.

"அவன் எறங்கினாத்தானே. பார்ப்போம்."

யோர்தான்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பகலில் தோல்னி ப்ரெக் ஊரின் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்கிற குரல் அவளுடையது. ஆட்ட நாட்களில் ப்ரிஸ்தான் கிளப்பின் மைதானத்தில் யார் உள்ளே, யார் வெளியே, யார் கோல் போட்டது என்று சொல்கிற குரலும் அவளுடையதுதான். இருபத்திரண்டு வருஷமாக. கணவன் விட்டுப் போன வருஷத்தில்கூட ஒரு ஆட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை. டான்யூப் கரையின் ஈரக்காற்றில் வளர்ந்த அந்தக் குரல் சற்றுக் கரகரப்பானது. கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

அந்தப் பத்தொன்பதாம் எண்காரன் ராதோய் பெஞ்சேவை அவள் முதலில் பார்த்தது பேருந்து நிலையத்தில்தான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்பிலிருந்து பயிற்சிக்கு வருவான். திரும்பிப் போகும் பேருந்து வரும்வரை நாலாம் மேடையின் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பான். அவள் ஒலிபெருக்கியிலேயே அதட்டினாள்: நாலாம் மேடைச் சுவரை இடித்துக்கொண்டிருக்கும் இளைஞர் அதை உடனே நிறுத்தவும். அவன் அவளுடைய அறிவிப்புக் கூண்டைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, சுவரை விட்டு, பந்தைத் தரையில் படாமல் காலில் தட்டிக்கொண்டு நின்றான். பேருந்து வந்தது. ஏறும்போதும் பந்து கீழே விழவில்லை. அவள் அந்தப் பேருந்தை அறிவிக்க மறந்துபோனாள்.

அடுத்த சனிக்கிழமையே இளையோர் ஆட்டம் பார்க்கப் போனாள். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கால்பந்து பார்க்கிறவள். வேகமானவர்களைப் பார்த்திருக்கிறாள், முரட்டு உதை உதைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் கோலுக்கு முன்னால் பந்து கிடைத்ததும் எல்லாருக்கும் ஒரு பதற்றம் வரும், உதைத்துத் தொலைத்துவிட வேண்டும் என்று. இவனுக்கு அது இல்லை. அரை மூச்சு நேரம் சும்மா நின்றான். அந்த அரை மூச்சில் கோல்கீப்பர் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான். ராதோய் பந்தை மற்றப் பக்கம் தள்ளிவிட்டான். யோர்தான்கா வாயில் போட்ட சூரியகாந்தி விதையைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். பேருந்தில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை.

பதினெட்டு வயதில் அவன் பெரியவர்களின் அணிக்கு வந்தான். ஐந்து ஆட்டம், நான்கு கோல். ஆறாவது ஆட்டத்துக்கு முன்னால் தலைவர் அவனையும் அவன் அம்மா ஸ்லாத்தினாவையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அங்கே தலைவரின் மருமகன் ப்ளாமென் ஒரு ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தான். ஐந்து வருஷம் ராதோய் எங்கே ஆடினாலும் ப்ளாமென் சொல்படிதான் ஆட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்க்கும் ஸ்லாத்தினா அதை இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள். "கிளப்போட கையெழுத்துப் போடறதுன்னா போடுவான். உங்க மாப்பிள்ளையோட எதுக்குப் போடணும்? அவர் பந்தை உதைச்சு நான் பார்த்ததே இல்லையே" என்று சொல்லிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஏழு வாரம் ராதோய் பெஞ்சில். அணியின் படத்தை ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். புதிதாக அச்சடித்ததில் அவன் நின்ற இடத்தில் தலைவரின் எண்ணெய் ஆலைச் சின்னம் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். காப்பிக் கடையில் பேசுவார்கள், தலைவரின் கார் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். யோர்தான்காவும் அப்படி மாற்றியவள்தான்.

ஆட்டம் ஒன்றரை மணிக்கு. ப்ரிஸ்தானின் விளக்குகளில் பாதி எரியாது என்பதால் கோப்பையின் காலிறுதி ஆட்டமானாலும் பகலில்தான். எதிரணி தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ஸ்ட்ரேலா. போன வருஷம் கோப்பையை வென்றவர்கள். கண்ணாடி மின்னும் இரண்டடுக்குப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். அவர்களோடு தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் நாலாயிரம் பேர் கேலரியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு ஊரில் பாதிக் கடை திறக்கவில்லை.

முதல் பாதியிலேயே ஸ்ட்ரேலா இரண்டு கோல் போட்டுவிட்டது. அவற்றையும் யோர்தான்காதான் அறிவிக்க வேண்டும். எதிரிக்காரன் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் மருத்துவமனையில் எண் கூப்பிடுவதுபோல் இருக்கும். அப்படியே சொன்னாள்.

"மூணாவதும் வாங்கினா வீட்டுக்குப் போயிடலாம்" என்றான் வாஸ்கோ, குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டே.

"நீ போ. நான் இருக்கேன்."

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ப்ரிஸ்தானின் முன்வரிசை ஆள் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இன்னொருவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான். பயிற்சியாளர் மெத்தோதி பெஞ்சைப் பார்த்தார். மேலே, கம்பளி போர்த்திய நாற்காலிகளில் இருந்த தலைவர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குட்டையான, கழுத்தே இல்லாத அந்த மனிதர் ராதோயின் மேல்சட்டையைப் பிடித்து எழுப்பி, முதுகில் ஒரு தட்டு தட்டி உள்ளே அனுப்பினார்.

யோர்தான்கா மைக்கைத் திறந்தாள். அவள் விரல் அந்தக் காலி இடத்தில் இருந்தது. "ப்ரிஸ்தான் அணியில் மாற்றம். உள்ளே வருபவர், பத்தொன்பதாம் எண்" என்று சொல்லி மூடிவிட்டாள்.

கேலரியில் ஒரு சலசலப்பு. பிறகு ஆட்டம் தொடர்ந்தது.

ஆறு நிமிஷம் கழித்து இடப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. ராதோய் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றான். பின்னால் அவனைவிட ஒரு தலை உயரமான தடுப்பாட்டக்காரன் ஒட்டிக்கொண்டு நின்றான். பந்தை நிறுத்துவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் தொடவே இல்லை. காலை அகட்டிப் பந்தை நடுவே போகவிட்டு, தான் மறுபக்கமாகச் சுழன்று ஓடினான். உயரமானவன் இல்லாத ஆளை அணைத்துக்கொண்டு நின்றான். கோல்கீப்பர் பாய்ந்து வந்தான். அங்கே அந்த அரை மூச்சு. யோர்தான்காவும் மூச்சை நிறுத்தினாள். கோல்கீப்பர் உட்கார்ந்தான். பந்து அவனைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது.

கேலரி எழுந்து ஆடியது. வாஸ்கோவின் காப்பி கால்சட்டை மேல் கொட்டியது. யோர்தான்கா இரண்டு கையாலும் மேஜையை அடித்தாள். தொண்டைக்குள் ஒரு சிரிப்பு உருண்டு வந்தது, சின்ன வயதில் ஆற்றில் குதிக்கும்போது வருமே, அதே சிரிப்பு. ராதோய் கொண்டாடவில்லை. வலையிலிருந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினான்.

இப்போது அவள் சொல்ல வேண்டும். ப்ரிஸ்தானில் பழக்கம் என்னவென்றால், கோல் போட்டவனின் முதல் பெயரை அவள் சொல்வாள், குடும்பப் பெயரைக் கேலரி முழங்கும். நாலாயிரம் பேரும் அதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்தார்கள்.

"அறுபத்தொன்றாவது நிமிடம். ப்ரிஸ்தானுக்காகக் கோல் போட்டவர்" என்றாள். எண்ணெய் ஆலை, பேருந்துகள், மாதச் சம்பளம், வீட்டு அடுப்புக்கு வாங்க வேண்டிய விறகு, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. "பத்தொன்பதாம் எண்."

முழங்க ஒன்றுமில்லை. நாலாயிரம் பேர் இழுத்த மூச்சை அப்படியே விட்டார்கள். அந்த அமைதியில் கேலரியின் மேல்வரிசையிலிருந்து ஒரு கிழவரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாதிரியார் அவனுக்குப் பேரு வெக்காம நம்பரா வெச்சாரு, யோர்தான்கா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் விசில் அடித்தார்கள். அந்த விசில் தன்னைப் பார்த்துத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. நடுக்கோட்டில் நின்ற ராதோய் ஒரு கணம் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். அவ்வளவுதான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

வாஸ்கோவின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டு, "சரிங்க" என்று வைத்தான்.

"தலைவரா?"

"ஆமா."

"என்னவாம்?"

"உனக்கு சபாஷ் சொல்லச் சொன்னாரு."

யோர்தான்காவுக்குக் காது மடல் வரை சுட்டது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பட்டியலை எடுத்தாள். மேஜையில் கிடந்த பேனாவால் பத்தொன்பதுக்குப் பக்கத்தில் அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். எழுதும்போது தாள் கிழிந்தது.

"அடுத்த கோலுக்குப் பார்த்துக்கறேன்" என்றாள்.

"அடுத்த கோல் வரணுமே."

"வரும். நீ அவன் காலைப் பாரு. இன்னிக்கு அவனுக்குப் பசி."

அவள் சொன்னது பொய்யில்லை. ஏழு வாரம் கட்டிப் போட்டிருந்த கால்கள் அவை. ஸ்ட்ரேலா இரண்டு பேரை அவன் மேல் விட்டது, பிறகு மூன்று பேரை. ஒருவன் கணுக்காலில் மிதித்தான், இன்னொருவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினான். ராதோய் விழுந்தான், எழுந்தான், நடுவரிடம் போய் முறையிடவில்லை. எழுந்த ஒவ்வொரு தடவையும் கேலரியின் சத்தம் ஒரு படி ஏறியது.

எழுபத்தெட்டாவது நிமிஷம். கார்னர். கோல் முன்னால் ஒரே நெரிசல். யாரோ தலையால் முட்டி வெளியே தள்ளினார்கள். பந்து உயரமாகப் போய், பெனால்டி பெட்டிக் கோட்டுக்கு வெளியே இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ராதோய் நின்றான். தரையில் பட விடவில்லை. இடது கால். உதைத்த சத்தம் அறிவிப்பு அறைக்கே கேட்டது. பந்து போன பாதையை யாரும் பார்க்கவில்லை. வலை பின்னால் துள்ளியதைத்தான் பார்த்தார்கள்.

யோர்தான்கா உடனே மைக்கைத் திறந்தாள்.

"எழுபத்தெட்டாவது நிமிடம். ப்ரிஸ்தானுக்காக இரண்டாவது கோல். அதையும் போட்டவர், அறுபத்தொன்றாவது நிமிடத்தில் முதல் கோலைப் போட்டவரும் அவரே, பத்தொன்பதாம் எண், நம்ம ஊர்ப் பையன், ராதோய்..."

"பெஞ்சேவ்!"

ஏழு வாரமாகக் காப்பிக் கடைகளில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெயர் அது. தகரக் கூரை அதிர்ந்தது.

"ராதோய்" என்றாள் மறுபடி.

"பெஞ்சேவ்!"

வாஸ்கோவின் கைபேசி அடித்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கைபேசியைக் காப்பிக் குடுவைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். அது மேஜை மேல் நடுங்கி நடுங்கி நகர்ந்தது.

"நான் ஒரு சிகரெட் புடிச்சிட்டு வரேன்."

"இங்கயே புடிக்கலாமே. எப்பவும் அப்படித்தானே?"

"இல்லம்மா, உடம்புக்குக் கெடுதியாம். வெளியில போய்த்தான் புடிக்கணும்." கதவருகே நின்று திரும்பினான். "எந்த வயரு எதுக்குன்னு இங்க என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நானும் இங்க இல்ல."

அவன் போய் ஐந்து நிமிஷத்தில் தலைவரின் மருமகன் ப்ளாமென் ஏறி வந்தான். முகம் சிவந்திருந்தது. யோர்தான்காவிடம் பேசாமல் நேரே வயர்களுக்குப் போனான். ஒன்றைப் பிடுங்கினான். எதிர்ப்பக்கத்தில் ஸ்கோர் பலகை அணைந்தது. நாலாயிரம் பேரும் விசில் அடித்தார்கள். இன்னொன்றைப் பிடுங்கினான். வாஸ்கோவின் சின்ன மின்அடுப்பு அணைந்தது. மூன்றாவது தடவைதான் ஒலிபெருக்கி உயிரை விட்டது.

"நாளையிலேர்ந்து நீங்க இந்தப் படி ஏற வேணாம்" என்றான்.

"சரிப்பா. கொஞ்சம் தள்ளி நில்லு, ஆட்டம் மறைக்குது."

அவளுக்குப் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் மேலே வேறொன்று இருந்தது. கண்ணெதிரில் அப்படி ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போது வேறு எதைப் பற்றியும் முழுதாகக் கவலைப்பட முடியவில்லை.

இரண்டுக்கு இரண்டு. நேரம் எவ்வளவு என்று பலகை இல்லாததால் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஸ்ட்ரேலா முழு அணியும் முன்னே ஏறி வந்து அழுத்தியது. ப்ரிஸ்தானின் கோல்கீப்பர் ஒன்றைத் தட்டி விட்டான், இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தை யாரோ கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார்கள். அது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்ற ராதோயின் நெஞ்சில் வந்து இறங்கியது.

அவன் ஓடத் தொடங்கினான்.

இரண்டு பேர் துரத்தினார்கள். ஒருவன் பின்தங்கினான். மற்றவன் தோளோடு தோள் இடித்தான். ராதோய் வேகத்தைக் குறைத்தான், அவன் முந்திப் போனதும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே குறுக்கே வெட்டினான். வலப் பக்கம் ப்ரிஸ்தானின் இன்னொரு ஆட்டக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு, பந்தைக் கொடு என்று கத்தியபடி ஓடி வந்தான். கொடுப்பதுதான் நியாயம். ராதோய் அவனைத் திரும்பிப் பார்த்தான். கோல்கீப்பர் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தான். மைதானமே அந்தப் பக்கம் பார்த்தது. ராதோய் பார்வையை மாற்றாமலேயே, ஷூ நுனியால் இடது கம்பத்தோரம் ஒரு குத்து. கம்பத்துக்கும் கோல்கீப்பரின் கைக்கும் நடுவே ஒரு பந்து போகிற இடம்தான் இருந்தது. போனது ஒரு பந்துதான்.

யோர்தான்கா எழுந்தாள். செத்த மைக்கை மேஜையில் வைத்தாள். ப்ளாமெனைத் தாண்டி வெளியே வந்து, இரும்புப் படியின் மேல்தட்டில், கேலரிக்கு நேர் மேலே நின்றாள். கம்பியைப் பற்றிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"ராதோய்!"

கீழே இருந்த ஐம்பது அறுபது பேர்தான் முதலில் கேட்டார்கள். திரும்பிப் பார்த்தார்கள். தொப்பியில்லாமல், நரைத்த முடி காற்றில் பறக்க நின்ற அந்தப் பெண்பிள்ளையை அவர்களில் பலர் அதற்கு முன் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும்.

"பெஞ்சேவ்!"

"ராதோய்!"

இப்போது அந்தப் பக்கத்துக் கேலரி முழுவதும். மூன்றாவது தடவை எதிர்க் கேலரியும் சேர்ந்துகொண்டது. நான்காவது தடவை யோர்தான்காவின் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. அதற்குள் அவள் தேவைப்படவில்லை. முதல் பெயரையும் அவர்களே சொன்னார்கள், இரண்டாம் பெயரையும் அவர்களே சொன்னார்கள். தொலைக்காட்சிக்காரர்களின் கேமரா ஆட்டத்தை விட்டுவிட்டுப் படியின் மேல்தட்டைக் காட்டியது. படிக்கட்டின் கீழே நின்ற வாஸ்கோ சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான்.

நடுவர் ஊதினார். மூன்றுக்கு இரண்டு.

ராதோயைத் தோளில் தூக்கினார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லிக் காலை உதறிக்கொண்டிருந்தான். மிதிபட்ட கணுக்கால் வீங்கியிருந்தது. ஸ்லாத்தினா கேலரியில் எழுந்து நிற்கவே இல்லை. முழங்கையை முட்டியில் ஊன்றி, முகத்தைக் கையில் புதைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை சோஃபியாவின் செய்திகளில் மூன்று கோலையும் காட்டினார்கள். தலைவர் கென்ச்சோ மார்கோவ் மைக்குக்கு முன்னால் நின்று, அந்தப் பையன் மேல் தனக்கு எப்போதுமே நம்பிக்கை உண்டு என்றார். இரண்டு வாரத்தில் ராதோய் கிளப்போடு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். ஸ்லாத்தினா அதையும் இரண்டு தடவை படித்தாள். ப்ளாமெனின் பெயர் எங்கும் இல்லை.

யோர்தான்காவுக்கு அப்படி நல்லபடியாக முடியவில்லை. மறுநாளே கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. கட்டுப்பாட்டை மீறியதற்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் பரிசீலிக்கப்படும். பேருந்து நிலையத்துக்கும் யாரோ பேசியிருக்கிறார்கள். நிலைய மேலாளர் அவள் முகத்தைப் பார்க்காமல், கொஞ்ச நாளைக்குச் சாமான் அறையில் இருக்கச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறை. பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை.

வாஸ்கோ அங்கே அவளைத் தேடி வந்தான்.

"எழுதிக் குடுத்துடேன். நாலு வரிதானே. மைக் திரும்பக் கிடைக்கும்."

"எழுதிட்டேன்."

"நெஜமாவா? காட்டு."

காட்டினாள். சுத்தமான கையெழுத்தில் இருந்தது.

'கிளப் தலைவர் அவர்களுக்கு. ஸ்ட்ரேலாவுக்கு எதிரான ஆட்டத்தில், அறுபத்தொன்றாவது நிமிடத்தில் கோல் போட்டவரின் பெயரை நான் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த ஒரே தவறு அது. அதற்காக ஆட்டக்காரரிடமும், அவர் தாயாரிடமும், கேலரியில் இருந்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யோர்தான்கா.'

வாஸ்கோ இரண்டு தடவை படித்தான்.

"இதுல தலைவர்கிட்ட எங்கயுமே மன்னிப்பு இல்லையே."

"இல்ல."

"மைக் வராது."

"தெரியும்" என்றாள். "தபால் ஆபீஸ் நீ போற வழிதானே? போட்டுடு."

அவன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தபாலில் போடுவதற்கு முன்னால் காப்பிக் கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அது மனப்பாடமாக இருந்தது. அந்த வாரம் சாமான் அறைக்கு, பெட்டியே இல்லாமல், கதவோரம் நின்று "எப்படி இருக்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். ஒரு நாள் ராதோயே நொண்டிக்கொண்டு வந்தான். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தை, என்னாலதான் உங்களுக்கு..."

"உன்னால இல்ல. போ, கணுக்காலுக்கு ஐஸ் வை. இந்தக் காலோட இங்க எதுக்கு நடந்து வந்த?"

அரையிறுதி ஏப்ரலில், அதே மைதானத்தில். அறிவிப்பு அறையில் யாரோ புதிய பெண், பெயர்களைப் பாதி விழுங்கினாள். யோர்தான்கா நுழைவுச்சீட்டு வாங்கிக் கேலரியில் எட்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஸ்லாத்தினா, மறுபக்கம் அன்றைக்குப் பாதிரியாரைப் பற்றிக் கேட்ட கிழவர். பேப்பர் பொட்டலத்தில் சூரியகாந்தி விதை. இருபத்திரண்டு வருஷமாக மேலேயிருந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்த ஆட்டம் இங்கே வேறாக இருந்தது. புல்லின் வாசனை வந்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதுகூடக் கேட்டது.

இருபதாவது நிமிஷத்தில் ராதோய்க்கு ஆறடி தூரத்தில் காலி கோல் கிடைத்தது. கோல்கீப்பர் தரையில் கிடந்தான். கண் தெரியாதவன்கூடப் போட்டுவிடுவான். ராதோய் அதைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே, கேலரிக்குள் அடித்தான்.

நாலாயிரம் பேரும் தலையில் கைவைத்தார்கள். யோர்தான்கா பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். மைக் பிடித்திருந்த காலத்தில் ஒரு ஆட்டக்காரனைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்ததில்லை. அறிவிப்பாளர் அப்படிச் சொல்லக் கூடாது.

"டேய் பெஞ்சேவ்" என்று கத்தினாள். "அதை எங்கம்மா போட்டிருப்பாடா. கண்ணை வீட்டுலயா வெச்சிட்டு வந்த?"

ஸ்லாத்தினா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கீழே, அந்தக் குரலைக் கேட்டதும் ராதோய் சட்டென்று திரும்பிக் கேலரியைத் தேடினான். கண்டுபிடித்ததும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, பந்து வரும் பக்கம் ஓடினான்.